பதிமூன்று அங்குலக் கட்டம்

1

நம் ஊர்க் கோவில் கொடை மலருக்கு மும்பையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடல், ரயில், பெரிய கட்டடம் எல்லாம் நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது அட்டைப்பெட்டி. அதையே எழுதுகிறேன். படித்தது ஆறாம் வகுப்பு. பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

தாராவியில் முப்பத்தெட்டு வருடம் ஒரே வேலை. கடைக்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு தூக்கிப்போடும் பெட்டிகள் எங்களிடம் கட்டுக்கட்டாக வரும். இங்கே அதற்குக் கோக்கா என்று பெயர். கம்பிப் பின்னைப் பிடுங்கி, பெட்டியை விரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி மடித்து, மறுபடி பின் அடிப்போம். பழைய கம்பெனிப் பெயர், ஆப்பிள் படம், எல்லாம் உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் புதுப்பெட்டி. கேட்ட அளவுக்கு வெட்டியும் கொடுப்போம். வெட்டுவது என் வேலை. முதலாளி கடையநல்லூர் மைதீன் பாய்.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் இறந்து ஒரு வருடம் ஆகிறது.

நாங்கள் இருந்த ரூமை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். கட்டி முடியும்வரை எங்கே போவது என்பது அவரவர் பாடு. என் மகள் முத்துலட்சுமி ரயில் மாறிப் போகிற தூரத்தில் நெருளில் இருக்கிறாள். ஒற்றை பெட்ரூம் வீடு. அவள், மாப்பிள்ளை, பேத்தி தியா. இனி நானும்.

நான் வருவதற்காக அவள் சாமான் வைக்க ஒரு ராக் வாங்கியிருந்தாள். போனில் ஆர்டர் போட்டு வந்தது. வெள்ளை. மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். கதவு கிடையாது. பின்னால் மெல்லிய பலகை அடித்திருந்தது.

“ஓரத்து லைன் மூணும் ஒங்களுக்குப்பா. துணிக்கு ஒண்ணு, பேப்பர் மருந்துக்கு ஒண்ணு, மிச்சத்துக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே மாதிரி டப்பா போட்டு உள்ள தள்ளிரணும். வெளிய சாமான் தெரியப்படாது.”

“அம்மா சாமான்?”

அவள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். “அம்மாது ஒண்ணும் கொண்டாராதீங்க. இங்க ஜகா எங்க இருக்கு? நீங்களே பாருங்க.”

பார்த்தேன். ஜகா என்றால் இடம். இல்லைதான்.

மிச்சத்துக்கு என்று அவள் சொன்ன கட்டத்தைப் பேச்சிக்கு என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

2

பேச்சியின் சாமான் என்றால் அதிகம் இல்லை. சேலைகள், ஒரு மூக்குக்கண்ணாடி, ஸ்கேன் கவர் இரண்டு.

ஸ்கேன் படம் பதினாலுக்குப் பதினேழு அங்குலம். கவரின் மேலே மடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். முதல் ஸ்கேன் செம்பூரில் எடுத்தது, மஞ்சள் கவர். இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தது, வெள்ளைக் கவர்.

செம்பூரிலிருந்து வந்த அன்று சாயங்காலம் முத்துவும் வந்திருந்தாள். நான் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். டாக்டர் அப்படித்தான் பிடித்தார். பேச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

“எல்லாம் நீதான்.”

“இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்? இத்தன துட்டு வாங்கினான், கொஞ்சம் செவப்பா எடுக்கப்படாதா?”

முத்து சிரித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேச்சியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு படத்தை மடிக்காமல் கவருக்குள் விட்டேன்.

3

ராக்குக்கு ஏற்ற பெட்டியை அதே கம்பெனி தனியாக விற்கிறது. ஒன்பது வாங்கினால் ராக் விலையில் பாதிக்கு மேல் வரும். “ராக்குக்கே இன்ஸ்டால்மென்ட் ஓடுதுப்பா, டப்பா அப்புறம் பார்ப்போம்” என்றாள் முத்து. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். கட்டத்தை டேப் வைத்து அளந்தேன். பதிமூன்றுக்குப் பதிமூன்று, ஆழம் பதினைந்து.

முதலில் தாதருக்குப் போனேன். மார்க்கெட் தெருவில் துணிப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். பூப்போட்டது, யானைப்படம் போட்டது. மூலையை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது செருப்புப்பெட்டி அட்டை. நாலு சட்டை வைத்தால் வயிறு தள்ளிவிடும். இன்னொன்றை அமுக்கினேன். அதுவும் அப்படித்தான். கடைப்பையன் இந்தியில் கேட்டான்: “சாச்சா, வாங்க வந்தீரா, வைத்தியம் பார்க்க வந்தீரா?” பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அளவும் பன்னிரண்டுதான். கட்டத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் சந்து தெரியும்.

பிளாஸ்டிக்கில் பதினாலு இருந்தது. நுழையாது.

அங்கிருந்து மாட்டுங்கா. பாத்திரமும் பிளாஸ்டிக்கும் விற்கிற தமிழர் கடை ஒன்று உண்டு. நேர் வழியில் போகவில்லை. அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் பேச்சி பத்தொன்பது வருடம் சமையல் செய்தாள். யாராவது மாடியிலிருந்து பார்த்துக் கூப்பிடுவார்கள். சுற்றிப் போனேன்.

கடைக்காரர் நான் எழுதி வைத்திருந்த அளவைப் பார்த்தார். “பதிமூணுல டப்பா யார் பண்றா? பத்து இருக்கு, பன்னெண்டு இருக்கு, பதினாறு இருக்கு. ராக் பண்றவன் கெட்டிக்காரன். டப்பாவுக்கும் அவன் வாசல்லயே வந்து நிக்கணும்னுதான் இப்படி அளவு வெக்கறான்.”

“அட்டையில செஞ்சுக்கிடலாம்னு பாக்கேன்.”

“உங்க தொழில் என்ன?”

“அட்டைப்பெட்டி.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல கடை கடையா அலையறேள்?”

மகள் வீட்டில் அட்டைப்பெட்டி வைப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியிருக்கலாம். முப்பத்தெட்டு வருடம் நான் செய்தது மற்றவர்கள் தூக்கிப்போட்ட பெட்டி.

4

நடுவில் ஒரு நாள் ரூம் விஷயமாக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ரூம் பேச்சியின் பெயரில் இருக்கிறது. கிளார்க் பேப்பரைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். இவர் கையெழுத்துப் போட வேண்டும், எங்கே? நான் “சலி கயி” என்றேன். போய்விட்டாள் என்று அர்த்தம். செத்துப்போனதற்கு வேறு சொல் இருக்கிறது. தெரியும். அது வாயில் வரவில்லை.

“ஊருக்கா? எப்போது திரும்புவார்?”

மும்பையில் நம்மைப் பார்த்தால் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். மதராசி என்றால் வீட்டில் ஒருவர் எப்போதும் ஊருக்குப் போயிருப்பார்.

இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தேன். அவர் படித்தார். முத்திரை குத்தி, இரண்டு காப்பி எடுத்து வரச் சொன்னார். கீழே போய் எடுத்து வந்தேன். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றார். மறுபடி போய் எடுத்து வந்தேன். அன்று அவ்வளவுதான் வேலை.

5

மைதீன் பாயிடம் சொல்லிவிட்டு நல்ல அட்டையாகப் பொறுக்கினேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. ஐந்து அடுக்கு அட்டை, கால் அங்குலத் தடிப்பு. மேலே ஆள் நின்றாலும் தாங்கும். சுவரில் சாய்த்து வைத்து ஒரு கறை இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டினேன்.

பாய் தேநீர் கிளாசோடு வந்து நின்றார். “என்னவே செல்லையா, ஆருக்கு இம்புட்டுப் பாந்தமா வெட்டுதீரு?”

“மக வீட்டுக்கு.”

“என்ன சரக்கு வைக்க?”

“நாந்தான் சரக்கு.”

அவர் சிரிக்கவில்லை. கிளாசை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது பெட்டி. பக்கம் மட்டும் பின் அடித்து, மடித்துத் தட்டையாக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி நெருளுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். கட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். ஒருவன் “கோக்காவாலா, கதவை விட்டு நகரு” என்றான். நகர்ந்தேன்.

வீட்டில் ஒவ்வொன்றாக விரித்து அடிப்பக்கம் டேப் ஒட்டினேன். தியாவுக்கு ஒன்பது வயது. அவள்தான் முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு ராக்குக்கு ஓடினாள்.

“தாத்தா, அந்தர் நஹி ஜாதா.”

“மெல்லத் தள்ளு.”

“நஹி ஜாதா தாத்தா. பெரிசு.”

நான் தள்ளினேன். உள்ளே போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. ஒன்பதும் போகவில்லை. ஒரு மூலை நுழையும், மறு மூலை முட்டும்.

முத்து சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். “அளந்துட்டுத்தான போனீங்க?”

“அளந்தேன்.”

“தப்பா அளந்திருப்பீங்க.”

மறுபடி டேப் வைத்தேன். கட்டம் பதிமூன்று. பெட்டியின் உள்ளே பதிமூன்று. அளவு சரியாக இருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“உள்ளளவா, வெளியளவா?”

“உள்ளளவு” என்றேன்.

“ஏவே! பெட்டிக்குள்ள ராக்க வைக்கப்போறீரா? ராக்குக்குள்ள பெட்டியா?” என்று சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார். போனை மகள் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அவளுக்கும் உதடு லேசாக அசைந்தது.

இது வேறு யாரும் செய்ய மாட்டாத தப்பு. எங்கள் தொழிலில் அளவு என்றால் உள்ளளவுதான். வாங்க வருகிறவன் தன் சரக்கு எத்தனை அங்குலம் என்று சொல்வான். அது உள்ளே உட்காரும்படி நாங்கள் வெட்டுவோம். அட்டையின் தடிப்பு வெளியே போகும். பெட்டி எங்கே போய் நிற்கும், அந்த இடம் எவ்வளவு பெரிது என்று ஒருவரும் கேட்டதில்லை. கை தானாக உள்ளளவில் வெட்டிவிட்டது. இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம். அரை அங்குலம் நான் அதிகமாக இருந்தேன்.

“விடுங்கப்பா, அடுத்த மாசம் ஆன்லைன்ல வாங்கிக்கிடுதேன்” என்றாள்.

“வேண்டாம். வெட்டிக் கொண்டாரேன்.”

பெட்டிகளை மறுபடி மடித்துக் கட்டினேன். தியா ஒரு பெட்டியை மட்டும் தரமாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா இந்தியில் அதட்டினாள். அவள் இந்தியிலேயே பதில் சொல்லிவிட்டு எழுந்து பெட்டியைக் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் கோபத்தில் தமிழ் பேசுவதில்லை. பேச்சிக்குக் கோபம் வந்தால்தான் நல்ல தமிழ் வரும்.

6

ரூமைக் காலி செய்ய இரண்டு நாள் போதுமாக இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு ரூம்தான். கட்டிலை எடைக்குப் போட்டேன். பாத்திரங்களைப் பக்கத்துக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

சேலைகளைப் பற்றி யோசித்தேன். ஒரு கட்டத்தில் இத்தனை சேலை கொள்ளாது. எதிர்வீட்டுச் செல்வராணியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் பேச்சிக்கும் குழாயடியில் தினமும் சண்டை.

“அண்ணாச்சி, இந்தப் பச்சைச் சேலை எனக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“இதக் கட்டிக்கிட்டுத்தான் எங்கூட மல்லுக்கு நிப்பா. இத உடுத்துனா நான் ஆர்கூடப் போயிச் சண்ட போட?”

சொல்லிவிட்டு அந்தப் பச்சைச் சேலையைத்தான் முதலில் எடுத்தாள். மற்றவர்களும் வந்து எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் முடிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிறு பசித்தது. கடையில் இட்லி வாங்கித் தின்றேன்.

கடைசியாக ஸ்கேன் கவர்களை எடுக்கப் பரண் பலகையில் கையை விட்டேன். வெள்ளைக் கவர் இருந்தது. மஞ்சள் கவர் இல்லை. செம்பூர்க் கவர். பலகையையே கழற்றிப் பார்த்தேன். படுக்கிற பாய்களை உதறினேன். பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேனோ என்று கடைக்குப் போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். இல்லை.

முத்துவுக்குப் போன் போட்டேன்.

“செம்பூர் ஸ்கேனு நீ எதும் எடுத்தியா?”

கொஞ்சம் கழித்துச் சொன்னாள். “எனக்கு எப்பிடித் தெரியும்?”

“இங்கதான் வச்சிருந்தேன்.”

“அது எதுக்குப்பா இப்ப? எந்த டாக்டர்கிட்ட காட்டப்போறீங்க? இருக்கிறதையும் கச்சராவுல போட்டுட்டு வாங்க.”

குப்பை என்று தமிழில் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டறைக்குப் போய் ஒன்பது பெட்டியையும் பின் பிடுங்கி, முக்கால் அங்குலம் குறைத்து வெட்டினேன். இந்தத் தடவை வெளியளவு. உள்ளே பன்னிரண்டு சொச்சம்தான் தேறியது. வெள்ளைக் கவரைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். நீளத்திலும் நிற்காது, குறுக்கிலும் நிற்காது. மடித்தால் நிற்கும். மடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தது.

7

வருடத் திவசம் நெருளில் நடந்தது. பால்கனியில் காக்கைக்குச் சோறு வைத்தோம். காக்கைக்கு முன்னால் புறா வந்துவிட்டது. மாப்பிள்ளை கையைத் தட்டி விரட்டினார். தியா “விடுங்க பப்பா, அதுக்கும் பூக்” என்றாள். பசி என்ற சொல் அவளுக்கு வராது. புறாவே தின்னட்டும் என்று நான் சொன்னேன்.

அன்றுதான் நானும் சாமானோடு வந்தேன். பெட்டிகளை விரித்து ஒட்டினேன். தியா தள்ளினாள். ஒன்பதும் சத்தமில்லாமல் உள்ளே போயின. முத்து தள்ளி நின்று பார்த்தாள். “கடையில வாங்கின மாதிரி இருக்கு” என்றாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ள ஃபிரிட்ஜ் படம் இருக்கு” என்றார். உள்ளே தள்ளி வைத்தால் போதும், வெளியே தெரியாது என்றேன்.

துணி ஒரு பெட்டி. பேப்பரும் மருந்தும் ஒரு பெட்டி. மூன்றாவது பெட்டியில் பேச்சியின் கண்ணாடியை என் துண்டில் சுற்றி வைத்தேன். அந்தப் பெட்டி கிட்டத்தட்டக் காலி. கட்டம் கிடைத்தது, வைக்க ஒன்றும் இல்லை.

வெள்ளைக் கவர் என் பைக்குள் இரண்டு வேட்டிக்கு நடுவில் இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர்கள் மூவரும் சாமான் வாங்கக் கீழே போனார்கள். நான் ராக்கின் பக்கத்தில் போய் நின்றேன். சுவரின் அடியில் டைல் வரி ஒரு விரல் தடிப்புக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ராக்கின் முதுகு சுவரோடு ஒட்டவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சந்து. கட்டத்தையெல்லாம் அளந்தபோது அதை நான் அளக்கவில்லை. கட்டம் இல்லாத இடம் அது.

கவரை எடுத்து நிமிர்த்தி, அந்தச் சந்தில் மெதுவாக விட்டேன். டைல் விளிம்பில் நின்றது. உள்ளே தள்ளினேன். பாதியில் முட்டியது.

மறுபடி தள்ளினேன். முட்டியது. ஆணி ஏதாவது இருக்குமோ என்று கவரை வெளியே எடுத்துவிட்டுக் கையை விட்டேன். காகிதம் விரலில் பட்டது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன்.

மஞ்சள் கவர். செம்பூர். பேச்சியின் பெயரும் வயதும் நீல மையில். மேலே தூசி இல்லை.

திறக்கவில்லை. பிறகு அதை முதலில் உள்ளே விட்டேன். அடுத்து வெள்ளையை, அதன் மேல் சாய்த்து. இரண்டும் நிற்க இடம் நெருக்கமாக இருந்தது. ராக்கின் இந்த ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தேன்.

8

மறுநாள் காலை நான் பால்கனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முத்து ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ராக்கின் பக்கம் வந்ததும் துடைப்பச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்துச் சுவரோரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் கையில் இருந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன்.

“அப்பா.”

“ம்.”

“ராக்க நகத்துனீங்களா?”

“பெட்டி வைக்கும்போது அசைஞ்சிருக்கும்.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பு இல்லை அவளுக்கு, நைட்டிதான். அதன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையாகவும் இருக்கலாம்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மலர் வந்தாலும் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். ஊரில் அவளைப் பார்த்தால் நீங்களும் கேட்க வேண்டாம்.

அவள் மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். சோபாவுக்கு அடியில் குனிந்துகொண்டே சொன்னாள்.

“சொவரோட ஒட்டித் தள்ளிராதீங்கப்பா. ரெண்டு வெரக்கடை எடம் கெடக்கட்டும்.”

“கெடக்கு” என்றேன். “அளந்துட்டேன்.”